வரிக்கு ஏற்கும் சீட்டுதான் ஊரில் ஓடும்

நண்பர்களே, பண்டமாற்று என்றதும் நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலம்தான் எல்லாருக்கும் நினைவு வருகிறது. அந்த முறையில் ஒரு முடிச்சு உண்டு. தச்சர் ஒருவருக்கு நாற்காலி செய்து தருகிறார், அவருக்கு வேண்டியதோ தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆள், ஆனால் நாற்காலி வாங்கியவருக்குத் தெரிந்தது தையல். அப்புறம் என்ன செய்வது? 1983இல் கனடாவின் காமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லின்டன் தொடங்கிய 'லெட்ஸ்' என்ற உள்ளூர்ப் பரிமாற்ற முறை இதற்கு வழி சொன்னது: தையல்காரர் பெயரில் பற்று, தச்சர் பெயரில் வரவு. அந்த வரவை வைத்துக் குழுவில் யாரிடமும் அவர் வேலை வாங்கிக்கொள்ளலாம். காசு வற்றிய ஊரிலும் கைத்தொழில் வற்றுவதில்லை, அதை ஓட வைக்க ஒரு நல்ல கணக்குப் புத்தகம் போதும்.

சரி, இதற்கும் அரசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நான் பேச வந்ததே அதைத்தான்.

ஆஸ்திரியாவில் வோர்கிள் என்ற சிறு ஊர். 1932இல் வேலையில்லாதவர்கள் பெருகி, நகராட்சிக்கு வரி வராமல் போனது. மேயர் உன்டர்குகன்பெர்கர் பணம்போல ஊருக்குள் புழங்கும் உள்ளூர்ச் சீட்டு அச்சிட்டு, சாலை போட்டவர்களுக்கும் பாலம் கட்டியவர்களுக்கும் அதையே கூலியாகக் கொடுத்தார். மாதம் பிறந்தால் சீட்டை வைத்திருப்பவர் அதன் மதிப்பில் 1 சதவீதத்துக்கு முத்திரை வில்லை வாங்கி அதில் ஒட்ட வேண்டும், அதனால் யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கடைக்காரர்கள் ஏன் வாங்கிக்கொண்டார்கள்? நகராட்சி வரியை அந்தச் சீட்டாலேயே கட்ட முடிந்ததே, அதனால்தான். நின்றுபோன வரிபாக்கிகூட வர ஆரம்பித்தது. 1933இல் நாட்டின் மத்திய வங்கி தடுத்து நிறுத்திவிட்டது. ஊர் தோற்கவில்லை, மேலிருந்த அரசு இடம் கொடுக்கவில்லை, இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

அர்ஜென்டினாவில் நடந்தது வேறு. 1995இல் பெர்னால் என்ற ஊரில் தொடங்கிய பண்டமாற்றுக் குழுக்கள், 2001 நெருக்கடியில் ஏராளமான குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தன. ஆனால் வரம்பில்லாமல் சீட்டு அச்சானது, கள்ளச் சீட்டும் புகுந்தது, 2002லேயே நம்பிக்கை சரிந்துவிட்டது. சீட்டை யார் எவ்வளவு வெளியிட்டார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லாமல் போனதுதான் குறை.

ஆகவே மாநில அரசு எதை மாற்ற வேண்டும்? உள்ளூர் வரியில் ஒரு பங்கையாவது உழைப்பாகவோ உள்ளூர்ச் சீட்டாகவோ கட்டலாம் என்று சட்டம் செய்யட்டும், அந்தச் சீட்டு வாங்கும் உள்ளாட்சிக்குச் செலவழிக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கட்டும். 1996இல் கேரளம் தன் திட்டநிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு விட முடிவெடுத்தது, ஆக மனம் இருந்தால் முடிகிற காரியம்தான். மருந்தும் எரிபொருளும் வெளியிலிருந்துதான் வரும், அதற்கு நாட்டுப் பணம் வேண்டும், அதை மறுக்கவில்லை. அரசு அசையும்வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். ஒரு தெரு சேர்ந்து பற்றுவரவுப் புத்தகம் தொடங்கட்டும், யாரும் எடுக்கக்கூடிய பற்றுக்கு உச்சவரம்பு போடட்டும், மாதம் ஒருமுறை எல்லார் முன்னாலும் கணக்கை உரக்கப் படிக்கட்டும்.