கொட்டேஷனில் வராத செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறுவனத்துக்குச் சுற்றுச்சூழல் மேல் எவ்வளவு அக்கறை என்று தெரிய வேண்டுமா? அதன் பர்ச்சேஸ் ஆர்டர்களைப் பாருங்கள். மூன்று கொட்டேஷன் வாங்குவோம், குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போகும். பல இடங்களில் இதுதான் வழக்கம். எந்த விலை குறைந்த விலை என்று கணக்கிடுகிற முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

மின்மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 11 கிலோவாட் மோட்டார், முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைப்போம். மோட்டாரின் மின்சிக்கனத்தை ஐஇ தரம் சொல்லும்; எண் கூடினால் சிக்கனமும் கூடும். ஐஇ2 தரத்து மோட்டார் ஏறத்தாழ 49,000 யூனிட் மின்சாரம் எடுக்கும். ஐஇ4 தரம் அதே வேலையைச் சுமார் 1,800 யூனிட் குறைவாக எடுத்துக்கொண்டு முடித்துவிடும். இது ஒரு வருஷக் கணக்கு. பதினைந்து வருஷம் ஓடினால் 27,000 யூனிட் மிச்சம். இப்படி ஓயாமல் ஓடும் மோட்டாருக்கு ஆகிற மொத்தச் செலவில் பெரும்பங்கு மின்கட்டணம்தான். வாங்கும் விலை அதில் சிறு பகுதி. கொட்டேஷனிலோ அந்தச் சிறு பகுதி மட்டும்தான் இருக்கிறது. வாங்கும் விலை, மின்சாரம், பராமரிப்பு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் விதிகள் அரசுத் துறைகளுக்கே இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன.

மடிக்கணினிக்குக் கணக்கு தலைகீழ். அதன் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் நன்றாக ஓடுகிற கணினியை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதுதான் பெரிய உதவி. புதிதாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா, உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழையதை என்ன செய்வது என்பதையும் அந்த ஆர்டரிலேயே முடிவு செய்துவிடலாம்.

சரி, அட்டைப்பெட்டியில் பச்சை இலை போட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடித்திருந்தால் நம்பலாமா? அந்த வாசகம் மட்டும் போதாது. 1978-இல் ஜெர்மனியில் தொடங்கிய ப்ளூ ஏஞ்சல் மாதிரி, தயாரிப்பாளருக்கு வெளியே உள்ள ஒருவர் சோதித்துத் தருகிற முத்திரையைத் தேடுங்கள். சான்றிதழ் எண்ணைக் கேட்டு, கொடுத்த அமைப்பின் பட்டியலில் சரிபாருங்கள்.

சிறு சப்ளையர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சான்றிதழுக்குச் செலவழிக்க முடியாதவர் நல்ல பொருள் செய்பவராகவே இருக்கலாம். என்ன மூலப்பொருள், எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று அவரிடமே கேளுங்கள், தகவல் தர அவகாசம் கொடுங்கள். அவரைக் கழற்றிவிட்டுப் பெரிய நிறுவனத்துக்கு ஓடுவதை நான் பொறுப்பான கொள்முதல் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம், இந்த நிபந்தனைகளின் நகல் ஸ்டோர்ஸில் சரக்கு இறக்குபவர் கையிலும் இருக்கட்டும். பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கான எஃப்எஸ்சி சான்று பெற்ற காகிதம் கேட்டிருந்தால், அந்தச் சான்று எண் பில்லிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கை ஏற்கும் முன்பே அவர் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.