1967க்கு முன்னால் யாரும் ஜெயிக்கவே இல்லையா?

வணக்கம் மக்களே. போன வீடியோவில் மேசைக்கு மேலே காலியாகக் கிடக்கும் சுவரைக் காட்டி, அங்கே ஒரு போஸ்டர் வரப்போகிறது என்று சொன்னேனே, அது வந்துவிட்டது. என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சாம்பியன்கள் அத்தனை பேரும் ஒரே தாளில், வருஷ வாரியாக, ஸ்கோரோடு. விலை 38 டாலர், அனுப்பும் செலவு 14, ஆக 52 டாலர். ஒரு தாளுக்கு 52 டாலர்! அதுவும் குழாயின் மூடி கழன்று, ஓரமெல்லாம் மடங்கி வந்து, இரண்டு நாள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துத்தான் நிமிர்த்தினேன். அதைக்கூட விடுங்கள். விரித்துப் பார்த்தால் முதல் வரியே 1967 ஜனவரி, முதல் சூப்பர் பௌல் (பருவத்தின் கடைசியில் சாம்பியனைத் தீர்மானிக்க அந்த வருஷம் தொடங்கிய ஆட்டம்), பேக்கர்ஸ் அணி 35, சீஃப்ஸ் அணி 10. அதற்கு மேலே வெறும் பார்டர். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

லீக் ஆரம்பித்தது 1920இல். 1933இலிருந்து வருஷா வருஷம் இறுதி ஆட்டம் நடந்திருக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸும் கிளீவ்லாந்து பிரவுன்ஸும் தலா 4 முறை என்எஃப்எல் பட்டம் வென்ற அணிகள், ஆனால் சூப்பர் பௌலுக்கு ஒருமுறைகூட வரவில்லை என்பதால் இந்தத் தாளில் அவர்கள் பெயரே கிடையாது. 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில், முந்தைய இரண்டையும் வென்றிருந்த சீஃப்ஸ் அணி ஈகிள்ஸிடம் 40–22 என்று தோற்றபோது, 'தொடர்ந்து மூன்று முறை யாருமே வென்றதில்லை' என்று எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள்! பேக்கர்ஸ் 1965, 66, 67 பருவங்களில் வரிசையாக வென்றிருக்கிறார்கள் (1967 ஜனவரி ஆட்டம் 1966 பருவத்தினுடையது). 1929, 30, 31லும் அவர்கள்தான். போஸ்டர் 1965ஐ வெட்டிவிட்டதால் மூன்று இரண்டாகிவிட்டது.

இதைவிட மோசம், கீழே தங்க எழுத்தில் 'மிகப் பெரிய வெற்றி' என்று 1990இன் 55–10ஐப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 1940 டிசம்பர் 8 என்ன ஆனது? வாஷிங்டனில், வாஷிங்டன் அணியை, சிகாகோ பேர்ஸ் 73–0 என்று அடித்தார்களே! 11 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்), அதைப் போட்டது 10 வெவ்வேறு ஆட்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மூன்று வாரம் முன்னால் இதே வாஷிங்டன் 7–3 என்று ஜெயித்திருந்தது, அப்போது அதன் முதலாளி மார்ஷல், பேர்ஸ் ஆட்களை அழுமூஞ்சிகள் என்று பேப்பர்காரர்களிடம் சொல்லிவைத்தார். அந்த வார்த்தைக்கு வந்த பதில்தான் 73. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் பந்து தீர்ந்துபோனது. ஒவ்வொரு டச்டவுனுக்குப் பிறகும் எக்ஸ்ட்ரா பாயின்டுக்கு, அதாவது கூடுதலாக ஒரு புள்ளிக்கு, உதைத்த பந்துகள் கூட்டத்துக்குள் போய்விட, எடுத்தவர்கள் திருப்பித் தரவில்லை. கடைசியில் நடுவர்களே, 'இனி உதைக்காதீர்கள், ஓடியோ பாஸ் போட்டோ அந்தப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

அதனால் நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி, 1920 முதல் 1966 பருவத்தின் லீக் பட்டம் வரை கையாலேயே எழுதி மேலே ஒட்டிவிட்டேன். கேமராவைக் கொஞ்சம் தூக்குகிறேன், பாருங்கள், ஒட்டு தெரிகிறதா? அந்த 73–0 மட்டும் சிவப்பு மையில். 1934இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இடைவேளைக்குப் பிறகு ரப்பர் ஷூ மாட்டிக்கொண்டு உறைந்த மைதானத்தில் 30–13 என்று ஜெயித்த கதைக்குத் தனி வீடியோ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.