200 ஆம்ப் வெல்டிங் மெஷின், 16 ஆம்ப் பிளக்: எது பொய்?

(திரையில்: மெஷின் பெட்டியும் அதன் பிளக்கும் அருகருகே)

பெட்டி மேல் 200 ஆம்ப் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதே மெஷினின் ஒயர் நுனியில் இருப்பது, நாம் கீசருக்கு மாட்டுகிற அதே 16 ஆம்ப் பிளக். எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினால் முதல் வெல்டிங் ராடிலேயே எம்சிபி, அதாவது லோடு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச், விழுந்து வீடு இருட்டாகும்.

வணக்கம். வெல்டிங்கில் மிக், டிக் என்று வகை நிறைய உண்டு. வீட்டுக் கேட், கிரில், மாட்டுக்கொட்டகைப் பைப்புக்கு ராடு போட்டு அடிக்கிற ஆர்க் வெல்டிங் போதும்; ஆர்க் என்றால் ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரிகிற மின்பொறி. முன்னுரை முடிந்தது, விஷயத்துக்கு வருவோம்.

மெஷினிலிருந்து வெளியே வருவது ஆம்ப் நிறைய, வோல்ட் கொஞ்சம். 80 ஆம்பில் அடிக்கும்போது ஆர்க்கில் நிற்பது சுமார் 23 வோல்ட்தான். பெருக்கினால் 1,840 வாட். உள்ளே சூடாகி வீணாவதையும், விலை குறைந்த மெஷின்களின் சுமாரான பவர் ஃபேக்டரையும் (இழுக்கிற கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகிற பங்கு) சேர்த்தால், 230 வோல்ட் லைனிலிருந்து ஏறக்குறைய 14 ஆம்ப் இழுக்கும். பிளக் தாங்கும். 12ஆம் நம்பர் ராடுக்கு, அதாவது 2.5 மில்லிமீட்டருக்கு, இது தாராளம். அதைவிடத் தடித்த 10ஆம் நம்பர் ராடுக்கு 120 வரை வைத்தால் லைனில் 22 ஆம்ப் பக்கம் போகும். முழு 200 வைத்தால்? 40ஐத் தாண்டும். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

(திரையில்: பழைய பட்டறை மெஷின், பக்கத்தில் புது இன்வெர்ட்டர்)

இனி எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டறையில் எண்ணெய் ஊற்றிய பெரிய மெஷின் பார்த்திருப்பீர்கள். நகர்த்த நாலு பேர் வேண்டும். பட்டறைக்காரர் ராடை வைத்தால் தெருவே மினுங்கும். இன்றைய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினோ நாலைந்து கிலோ; தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறலாம். இரும்பும் செம்பும் எங்கே போயின?

கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 நடைதான் என்றால், ஒவ்வொரு நடைக்கும் அண்டா வேண்டும். நொடிக்குப் பல்லாயிரம் நடை ஓட முடிந்தால்? டம்ளர் போதும், தொட்டி அதே வேகத்தில் நிறையும். ஈபி கரண்ட் நொடிக்கு 50 சுற்று. பழைய மெஷின் அதை அப்படியே டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்தது; ஆகவே அண்டா அளவு இரும்பு. இன்வெர்ட்டர் முதலில் அதை டிசி ஆக்கி, ஐஜிபிடி என்ற ஸ்விட்ச்சால் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிக் கொடுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கைக்குள் அடங்கிவிட்டது! முதல் தடவை மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஏமாற்றிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன்.

சரி, என் அசட்டுத்தனத்துக்கு வருவோம். பின்கட்டில் கேட் கீல் பற்றவைக்க 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் எடுத்தேன். 1 ஸ்கொயர் ஒயர், அதாவது செம்பின் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர். தேவைப்பட்டது பத்தடி, மீதி சுருளிலேயே கிடந்தது. போக வர 60 மீட்டர் செம்பு, கிட்டத்தட்ட 1.1 ஓம். 14 ஆம்ப் ஓடினால் 15 வோல்ட் வழியிலேயே காலி. அந்தச் சுருளுக்குள் கிட்டத்தட்ட 200 வாட் சூடு, மூன்று 60 வாட் குண்டு பல்பைத் துணியில் சுற்றி எரித்த மாதிரி. நாலாவது ராடில் ரப்பர் வாடை வந்தது. போய்ப் பார்த்தால் ஒயர் ஒன்றோடொன்று ஒட்டி ஜிலேபி ஆகியிருந்தது. ஆகவே 2.5 ஸ்கொயர் ஒயர், முழுக்க விரித்துப் போட்டு. ஏற்கனவே 190 வோல்ட் வருகிற ஊர் என்றால் இன்னும் கவனம். ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் ராடைத் திட்டுவீர்கள்.

10ஆம் நம்பர் ராடு அடிக்கிற ஆளா? போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 ஸ்கொயர் செம்பு, 25 ஆம்ப் சி டைப் எம்சிபி (தொடங்கும்போது வரும் திடீர் இழுப்புக்கு விழாத வகை), ஒழுங்கான எர்த். எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். தோட்டத்து இலவச மோட்டார் லைனில் மாட்டலாமா என்று கேட்காதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டும். வீட்டு லைனில் ஊருக்கு வெல்டிங் செய்து காசு வாங்குவதும் கூடாது, அதற்குத் தனி டேரிஃப்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நாலு நிமிடம் ஓய்வு. பக்கத்திலேயே 'ஐ1 மேக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் லைனிலிருந்து அதிகபட்சம் இழுக்கும் ஆம்ப். பெட்டி மேலே 200, இங்கே 38, 42 என்று இருக்கும்! அதை அச்சடிக்கவே இல்லையென்றால் அந்த மெஷினைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெல்மெட் கண்ணாடியின் கருமை (ஷேடு) 10 அல்லது 11ஆம் நம்பர். ஜிஐ பைப் என்றால் மேலே உள்ள துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

உங்கள் மெஷினின் 'ஐ1 மேக்ஸ்' எவ்வளவு? கமெண்டில் போடுங்கள். அப்புறம், ராடு வைக்கும் முன் சமையலறைக்கு ஒரு குரல் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை இட்லி மாவு பாதி அரைபடும்போது எம்சிபி விழுந்தது. இன்றைக்கும் பேசுகிறார்கள்.