19 நாள், ஒரு சப்பாத்து

வணக்கம் எல்லாருக்கும். முகத்தில் அந்த வட்ட லைட் இல்லை, கவனித்தீர்களா? அதைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். பழைய வீடியோக்களில் நான் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதைத்தது ஸ்டைல் இல்லை, ஒற்றைத் தலையிடி வரப்போகிறது என்று அர்த்தம்.

இன்றோடு 19 நாள் அது வரவில்லை. 19! போன வருஷம் இரண்டு கிழமை சேர்ந்தாற்போல் நான் தப்பினதே இல்லை. அதைச் சொல்லத்தான் கேமராவை எடுத்தேன், ஆனால் முதலில் சப்பாத்துக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

காலி வீதியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். நடக்கிறதுக்கென்று 7,900 ரூபாய்க்கு வாங்கினேன், 8,500 சொன்னதைப் பேரம் பேசிக் குறைத்த பெருமை வேறு. மூன்றாம் நாள் காலை மெரின் டிரைவில், வெள்ளவத்தை ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை, வலது கால் சோல் வாயைப் பிளந்துவிட்டது. அடிக்கு அடி டப், டப். அந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குப் போகிற ரயில் வர, வாசலில் தொங்கிக்கொண்டு போன சனம் முழுக்க என் காலைத்தான் பார்த்தது போல இருந்தது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "மிஸ், தண்ணியில் நனைச்சிருப்பீங்க" என்கிறார்கள். பில்லைக் கேட்டார்கள், நீட்டினேன். உடனே "சேல் சாமான் மாத்தமாட்டோம்." கடைசியில் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஐயா 300 ரூபாய்க்குச் சுற்றிவர நூல் போட்டுத் தந்தார். இன்றுவரை அசையவில்லை! மற்றக் காலையும் தைத்துவிடவா என்று கேட்டார், கஞ்சத்தனத்தில் நான்தான் வேண்டாம் என்றேன்.

சரி, தலையிடி. உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வசனம் "ஒரு பனடோல் போட்டுப் படு". அப்படிப் போட்டுப் போட்டுத்தான் மாட்டினேன். டொக்டர் சொன்னபடி சீஆர் கொப்பியில் கோடு போட்டு எழுதிக் கொண்டுபோனால், ஒரு மாதத்தில் 17 நாள் குளிசை. அவர் பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் இப்படி வலிக் குளிசை எடுத்தால், குளிசையே தலையிடியைக் கொண்டுவருமாம்.

கொப்பியில் இன்னொன்றும் தெரிந்தது: சனிக்கிழமை. மாதக்கடைசிக் கணக்கு முடிக்கிற நாட்களில் ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்து சனிக்கிழமை பத்து மணிவரை படுத்தெழும்பினால் மத்தியானம் வந்து நிற்கும். டென்ஷன் இறங்குகிற நேரத்திலும் பலருக்கு வருமாம். அதனால் இப்போது சனிக்கிழமையும் ஐந்தரைக்கு எழும்புகிறேன். நான்! சிரிக்க வேண்டாம்.

நடை கிழமைக்கு மூன்று தரம், 40 நிமிஷம். சும்மா சொன்ன கணக்கில்லை, ஸ்வீடனில் 91 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளிவந்த ஆய்வில் இதே அளவுதான். ஒரு பகுதிக்கு உடற்பயிற்சி, ஒரு பகுதிக்கு உடம்பைத் தளர்த்துகிற பயிற்சி, மற்றவர்களுக்கு டோபிரமேட் என்கிற தடுப்பு மருந்து. மூன்றிலும் தலையிடி குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் எடுக்கிற மருந்தை மட்டும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் தளர்த்துகிறதையும் செய்கிறேன், தோளைக் காதுவரை இழுத்துப் பிடித்துப் பொத்தென்று விடுகிறது. "பேய் பிடிச்சிட்டுதோ?" என்று அம்மா கேட்டார்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். முதல் நாள் வெறும் வயிற்றோடு, ஒரு மிடறு தண்ணியும் இல்லாமல், எடுத்த எடுப்பில் ஓடினேன். பம்பலப்பிட்டி வர முன்னமே கண் ஓரத்தில் மினுமினுவென்று வளைந்த கோடு, அப்புறம் அன்று முழுக்க இருட்டறை. ஓட்டமே சிலருக்குத் தலையிடியைக் கிளப்பிவிடும். இப்போது தண்ணி, இரண்டு பிஸ்கட், முதல் பத்து நிமிஷம் ஆமை நடை. வலி தொடங்கின நாளில் நடக்கிறதே இல்லை, அசைய அசையக் கூடும்.

நாளைக்கு 20ஆம் நாள். இதோ பாருங்கள், இடது கால் சோலும் ஓரத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டது. ஐயா இன்னும் 300 ரூபாய்க்கே தைப்பாரோ தெரியாது.