ஒரே நாளில் புதுச்சேரி: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வணக்கம். நெய்வேலியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை மாமியார், இரண்டு பிள்ளைகளோடு புதுச்சேரி வருகிறோம். காலை ஒன்பதரைக்கு இறங்கி, இரவு எட்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். ஆரோவில், ஆசிரமம், கடற்கரை எல்லாம் பார்த்துவிட முடியுமா?"

ஆரோவிலை இந்த முறை விட்டுவிடுங்கள். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் தூரத்தில் நின்று பார்த்து வருவதற்கே அரை நாள் போய்விடும். பெரியவரை வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

இறங்கியதும் நேரே மணக்குள விநாயகர் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் முதலில் சொல்கிறேன். பிள்ளைகள் யானை லட்சுமியைத் தேடினால், 2022 நவம்பரில் அவள் இறந்துவிட்டதைச் சொல்லுங்கள். ஊரே கலங்கிய நாள் அது. அங்கிருந்து அரவிந்தர் ஆசிரமம் கூப்பிடு தூரம். சமாதி அருகே பேசக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாரதி பூங்கா. மரநிழல் இருக்கிறது, மாமியார் காலாற உட்காரலாம். நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். எல்லோரும் அதன் முன் போட்டோ எடுக்கிறார்கள், ஆயி யார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம்தான். கதை இதுதான்: முத்திரையர்பாளையம் பக்கம் வந்த ராஜா, கிருஷ்ணதேவராயர் என்பார்கள், விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். ஆயி அவகாசம் கேட்டு, தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதே முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதன் நினைவாகக் கட்டிய மண்டபத்துக்கு ஆயியின் பெயர் நிலைத்தது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இந்த மண்டபம்தான். இதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி இந்தத் தமிழர் பக்கமும் வாருங்கள். பிரெஞ்சுத் தெருக்களோடு திரும்பிவிட்டால் பாதி ஊரைத்தான் பார்த்ததாக அர்த்தம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். இங்கிருந்து கிளம்பியபோதுதான் அவரைப் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். உங்கள் மாவட்டத்துக் கதையும் இதில் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

கடற்கரைக்கு ஆறு மணிக்குப் போனால் போதும். அதற்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். காந்தி சிலை, 1836ஆம் ஆண்டுப் பழைய கலங்கரை விளக்கம் இரண்டும் பக்கம் பக்கம். ஆனால் ஆட்டோவும் அங்கே வராது. ஏழு மணிக்கே எழுந்து பக்கத்துத் தெருவுக்கு நடந்துவந்து ஏறுங்கள். ஞாயிறு என்பதால் காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கூட்டம், பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.