மனுவுக்கு வந்த பதில்

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

ரஷ்யப் புரட்சி என்றதும் நமக்கு லெனினும் 1917-ம்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவரைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அதற்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் அந்த நாட்டுச் சனங்கள் அரண்மனையிடம் என்ன கேட்டார்கள், அரண்மனை என்ன பதில் சொன்னது என்று பார்க்கலாம்.

பசி வந்தால் புரட்சி வரும் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 1891-92-ல் வோல்கா நதிக்கரை வட்டாரத்தில் கொடும் பஞ்சம் வந்தது. பட்டினியிலும் காலராவிலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனாலும் ஜார் என்று அழைக்கப்பட்ட ரஷ்ய மன்னரின் சிம்மாசனம் அசையவில்லை. காரணம், 'ஜார் நல்லவர்தான், நடுவில் இருக்கிற அதிகாரிகளும் நிலப்பிரபுக்களும்தான் கெட்டவர்கள்' என்று விவசாயி நம்பினான். 'கடவுள் உயரத்தில் இருக்கிறார், ஜார் தூரத்தில் இருக்கிறார்' என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. நம் கஷ்டம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் சும்மா இருக்கமாட்டார் என்ற எண்ணம். பட்டாளத்தையும் போலீசையும்விட அந்த எண்ணம்தான் அரியணையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சரி, குறை என்ன? முதல் குறை நிலம். 1861-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தார். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணுக்கு விவசாயியே விலை கொடுக்க வேண்டும் என்றது சட்டம். நிலப்பிரபுவுக்கு அரசு பணம் கொடுத்துவிட்டது. விவசாயி அதை 49 ஆண்டுகள் தவணை கட்டி அடைக்க வேண்டும். அதுவும் தனியாக இல்லை, ஊரே சேர்ந்து பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் யாரையும் ஊரைவிட்டுச் சுலபமாகப் போகவும் விடமாட்டார்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: கிராம நீதிமன்றம் விவசாயிக்குப் பிரம்படி தண்டனை கொடுக்கும் வழக்கம் 1904-ல்தான் ஒழிந்தது.

இரண்டாம் நிக்கோலாஸ் 1894-ல் பட்டத்துக்கு வந்தார். வயது 26. உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். நாட்டு நிர்வாகத்தில் எங்கள் குரலுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று சிலர் பணிவாக எழுதியிருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக, 'அர்த்தமில்லாத கனவுகள்' என்றார் இளம் மன்னர். 1897-ல் குடிக்கணக்கு எடுத்தபோது, தொழில் என்ற கட்டத்தில் அவர் எழுதியது: 'ரஷ்ய மண்ணின் எஜமான்'. ஏறக்குறைய 12.5 கோடிப் பேர் வாழ்ந்த தேசம்!

முடிசூட்டு விழாவையும் சொல்ல வேண்டும். 1896 மே மாதம், மாஸ்கோவுக்கு வெளியே ஹொதீன்கா மைதானம். மக்களுக்கு இலவசப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ஒரு எனாமல் குவளை, கொஞ்சம் தின்பண்டம், எல்லாம் ஒரு துணியில் முடிந்த பொட்டலம். விடியுமுன்பே லட்சக்கணக்கில் கூட்டம் கூடிவிட்டது. பொட்டலம் எல்லோருக்கும் போதாது என்று யாரோ கிளப்பிவிட, தள்ளுமுள்ளு. அது பட்டாளம் பயிற்சி செய்யும் இடம், எங்கு பார்த்தாலும் பள்ளம். அரசுக் கணக்கிலேயே 1,389 பேர் இறந்தார்கள். அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் வைத்த நடன விருந்துக்கு மன்னர் போனார். மறுநாள் மருத்துவமனைக்கும் போனார், குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் ஊர் பேசியது விருந்தைப் பற்றித்தான்.

இனி 1905. நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான். அன்றைய தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் புத்தீலவ் ஆலை. தொழிலாளர் சங்கம் ஒன்று, தலைவர் கபோன் என்ற பாதிரியார். வேடிக்கை என்னவென்றால், அது அரசாங்க அனுமதியோடு நடந்த சங்கம். தொழிலாளி புரட்சிக்காரர்கள் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகப் போலீசே இப்படிப்பட்ட சங்கங்களை வளர்த்தது. நான்கு பேரை வேலையை விட்டு நீக்கியதில் தகராறு தொடங்கியது. ஜனவரியில் ஆலை நின்றது. பிறகு நகரமே நின்றது. ஜாரிடமே நேரில் போய்விடுவோம் என்று முடிவு செய்து ஒரு மனு எழுதினார்கள்.

அந்த மனுவில் 8 மணி நேர வேலை கேட்டார்கள், கூலி உயர்வு கேட்டார்கள். நிலத் தவணையை ரத்து செய்யுங்கள், ஜப்பானோடு நடக்கும் போரை நிறுத்துங்கள் என்றார்கள். எல்லோருக்கும் சமமான இரகசிய வாக்கு கொடுத்து ஓர் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டுங்கள் என்றும் கேட்டார்கள். கோரிக்கைகள் கடுமையானவைதான். ஆனால் நடை? தகப்பனிடம் பிள்ளை முறையிடுகிற நடை. எங்களைக் காப்பாற்றாவிட்டால் உங்கள் அரண்மனைக்கு முன்னால் இந்தச் சதுக்கத்திலேயே சாகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. (ரஷ்யாவின் அன்றைய காலண்டரில் ஜனவரி 9. நான் இன்றைய காலண்டர்படியே சொல்கிறேன்.) பெண்டுபிள்ளைகளோடு, சாமி படங்களையும் ஜார் படத்தையும் தூக்கிக்கொண்டு, பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஜார் ஊரிலேயே இல்லை. பட்டாளம் இருந்தது, சுட்டது. அரசுக் கணக்கில் 130 பேர். உண்மையில் அதைவிட அதிகம் என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் எண்ணுகிறார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பத்து நாள் கழித்து நடந்தது. அதிகாரிகள் பொறுக்கியெடுத்த 34 தொழிலாளர்களை அரண்மனைக்குக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். ஜார் அவர்களிடம், தொழிலாளர்களின் குற்றத்தை மன்னிப்பதாகச் சொன்னார். சுட்டவர் மன்னிக்கிறார், செத்தவர்கள் பக்கத்துக் குற்றத்தை! 'தெரிந்தால் ஜார் சும்மா இருக்கமாட்டார்' என்று இனி யாரால் சொல்ல முடியும்? அவருக்குத் தெரிந்துவிட்டது. பதிலும் வந்துவிட்டது.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபரில் நாடு முழுக்க வேலைநிறுத்தம். வேறு வழியில்லாமல் டூமா என்ற மக்கள் மன்றத்துக்கு ஜார் சம்மதித்தார். நிலத் தவணையும் ரத்தானது. முதல் டூமா மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை, கலைத்தார். இரண்டாவதையும் கலைத்து, 1907-ல் வாக்குரிமைச் சட்டத்தையே நிலப்பிரபுக்களுக்குச் சாதகமாக மாற்றினார். 1912-ல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கத்தில் கெட்டுப்போன இறைச்சியை வைத்துத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் மறுபடி துப்பாக்கிச் சூடு. 'இப்படித்தான் இருந்தது, இனியும் இப்படித்தான் இருக்கும்' என்று டூமாவில் சொன்னார் உள்துறை அமைச்சர் மக்காரவ்.

அது நடந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, சிம்மாசனம் போய்விட்டது. நடுவில் உலகப்போர். ஒன்றரைக் கோடி ஆண்களைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். 1915-ல் ஜாரே தலைமைத் தளபதி ஆனார். அன்றிலிருந்து ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்பட்டது. கிராமத்தில் தானியம் இருந்தது. விற்ற காசுக்கு வாங்கப் பொருள் இல்லாததால் விவசாயி விற்கவில்லை. விற்றதையும் கொண்டுவர ரயில் வண்டி போதவில்லை. தலைநகரில் பெண்கள் கடுங்குளிரில் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். 1917 மார்ச் 8, மகளிர் தினம். நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து, பக்கத்து ஆலை ஆண்களையும் கூப்பிட்டார்கள். எந்தக் கட்சியும் அன்றைக்கு நாள் குறித்துக் கொடுக்கவில்லை. லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். வரப்போகும் புரட்சியின் இறுதிப் போர்களைக் காண வயதான நாங்கள் இருக்கமாட்டோமோ என்று ஜனவரியில்தான் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியிருந்தார்.

11-ந் தேதி வொலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தைச் சுட்டது. இரவெல்லாம் பாசறையில் பேச்சு. மறுநாள் காலை, இனிச் சுடமாட்டோம் என்று அதே சிப்பாய்கள் கிளம்பினார்கள். 15-ந் தேதி, போர்முனைத் தளபதிகளே விலகிவிடுங்கள் என்று தந்தி அடித்த பிறகு, நிக்கோலாஸ் தம்பி மிகயீல் பெயருக்கு முடியை எழுதிக் கொடுத்தார். அதை ஏற்றால் என் உயிருக்கு உத்தரவாதம் உண்டா என்று டூமா தலைவரிடம் கேட்டார் தம்பி. இல்லை என்றார் அவர். மறுநாள் மிகயீல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்: எல்லோருக்கும் சமமான இரகசிய வாக்கால் தேர்ந்த அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால் மட்டுமே முடியை ஏற்பேன்.