படைக்கு முந்தியவர், பந்திக்குப் பிந்தியவர்

(ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் நினைவாக, காரைக்குடி அருகே நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும், முன்னாள் படைவீரர்களான அண்ணன்மார்களுக்கும், காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு அப்படியே வந்திருக்கும் தம்பிகளுக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் கர்னல் ஐயாவைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஊருக்கு நிறையச் செய்தார் என்றார்கள், எல்லோரையும் சிரிக்க வைத்தார் என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. உதவி வாங்குகிறவர் தலைகுனியாமல் வாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழியை அவர் சிரிப்பில் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஊருணியைச் சீர்ப்படுத்திய குழுவில் அவரோடு கூடவே நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கொடை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பள்ளிக்கூடம், கல்லூரி, கோயில் திருப்பணி என்று கொடுத்தவர்களின் பெயர்களை இங்கே எந்தத் தெருவிலும் கேட்கலாம். செட்டிநாட்டில் கொடுக்கக் கூச்சப்படுகிறவர் குறைவு. கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் அதிகம். முகப்பும் வளவுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடு இருக்கும். உள்ளே வயதான இரண்டு பேர் இருப்பார்கள், மாத்திரை வாங்கக் கணக்குப் பார்ப்பார்கள். சுற்றுக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போனவர் வீடு என்று பெயர் இருக்கும். அந்த அம்மாவுக்குப் பென்ஷன் நின்று எட்டு மாதம் ஆகியிருக்கும், யாரிடமும் வாய் திறக்க மாட்டார். இப்படிப்பட்டவர்களிடம் போய் "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். கர்னல் அப்படிக் கேட்டதே இல்லை.

அவர் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். 1780-ல் தொடங்கிய பிரிவு அது, பெங்களூரில் தலைமையிடம். ராணுவம் முழுக்க இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, தண்ணீர் வசதி செய்வது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் கடந்து போகக் கண்ணிவெடி வயலில் வழி திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ்தான். நம்மவரும் அந்தப் போரில் மேற்கு முனையில் இருந்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் இடது காதைத் தொட்டுக் காட்டுவார். அந்தக் காது போர்முனையிலேயே போய்விட்டது. "இதை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் என்னைப் பற்றிக் குறை சொல்ல வருகிறவர்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள்" என்பார். குழுக் கூட்டங்களில் யாருக்காவது கோபம் வந்தால், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போவதே எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. நாற்காலியை நகர்த்தும்போதே பாதிக் கோபம் போய்விடும்.

பீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவைப் பற்றி ஒரு கதையை அவர் அடிக்கடி சொல்வார். 1942-ல் பர்மாவில், சித்தாங் ஆற்றங்கரைச் சண்டையில் மானெக்‌ஷாவின் உடலில் குண்டுகள் பாய்ந்தன. பிழைப்பது கஷ்டம் என்ற நிலை. என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் சொன்னாராம். இவ்வளவு சிரிப்பு மிச்சம் இருக்கிறவனைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார் என்று முடிப்பார் கர்னல். அந்த மானெக்‌ஷா 2008-ல் நம் நீலகிரியில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில்தான் காலமானார். பயிற்சிக்கு வரும் பையன்களை அந்தப் பக்கம் அழைத்துப் போகும்போதெல்லாம் இந்தக் கதை தவறாமல் வரும்.

சரி, பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செய்ததில் பெரியது எது என்று என்னைக் கேட்டால், ஊருணியைவிட இதைத்தான் சொல்வேன். ஊருணி கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

படைவீரர் இறந்துவிட்டால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சாதாரணமாக, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். சட்டம் தெளிவாக இருக்கிறது, சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், தமிழ் தெரியாத ஒரு எழுத்தர் எங்கோ ஒரு முகாமில் உட்கார்ந்து மனைவி பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அந்தப் பெயர் ரேஷன் கார்டில் வேறு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகம் ஓர் ஊரில், பென்ஷன் ஆணை போடும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்), பணம் வரும் வங்கி இங்கே. இந்த மூன்றுக்கும் நடுவில் அறுபது, எழுபது வயது அம்மா தனியாக நின்றால் என்ன ஆகும்?

அப்படி ஓர் ஆச்சியின் வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். கருமாதி முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கர்னல் காகிதங்களை எல்லாம் திண்ணையில் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அரசாங்கக் கணக்குப்படி உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு சம்சாரம். விசாரித்துப் பார்த்தேன், இரண்டு பேரும் நீங்கள்தான்" என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்து மகள் எட்டிப் பார்த்தார். அப்பா இறந்த பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்க்கிறேன் என்று பின்னால் அந்த மகள் என்னிடம் சொன்னார். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்த அம்மா தானாகவே உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் எல்லாத் தகவலும் இருந்தது. அதை முதலிலேயே கேட்டிருந்தால் வந்திருக்காது. பிரமாணப் பத்திரம், கடிதம், நினைவூட்டுக் கடிதம் என்று அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் அந்த ஆச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, இன்று என்ன அனுப்பினோம் என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். பணம் நிலுவையோடு வந்தது.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டும் ஆயுள் சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். எல்லாம் கைரேகைக் கருவி என்று ஆனபோது, பல வயதான அம்மாக்களின் விரலைக் கருவி ஏற்கவில்லை. ஒவ்வொரு தடவை சிவப்பு விளக்கு எரியும்போதும் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். கர்னல் அந்தக் கையைப் பார்த்து, "ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்து ரேகையையே தேய்த்துவிட்டீர்களே அப்பத்தா, பாவம் இந்த மெஷின் நேற்றுப் பிறந்தது, அதற்கு உழைப்பு எங்கே புரியும்" என்பார். கருவிதான் தோற்றது, அப்பத்தா தோற்கவில்லை என்று ஒரே பேச்சில் ஆக்கிவிடுவார். பிறகு கண்விழி பதிவுக்கோ, அதிகாரி கையெழுத்திட்ட காகிதச் சான்றிதழுக்கோ ஏற்பாடு நடக்கும்.

இப்போது ஊருணி. நம் ஊருணி எப்படிக் கிடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படித்துறை தெரியாமல் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கூரைத் தண்ணீரைக்கூட வீணாக்காமல் பிடித்து வைத்த ஊர்க்காரர்கள், ஊருணித் தண்ணீரைக் கோட்டைவிட்டு நின்றோம். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலான யோசனை, இயந்திரத்தைக் கொண்டுவந்து எவ்வளவு ஆழம் முடியுமோ அவ்வளவு தோண்டு என்பதுதான். கர்னல் ஒத்துக்கொள்ளவில்லை. ஊருணியின் அடியில் களிமண் படுகை ஒன்று இருக்கிறது, அதுதான் தண்ணீரை நிறுத்துகிறது, அதைக் குத்திக் கிழித்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தை மாதத்துக்குள் தரை தெரியும் என்றார். வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் வரும் வழி. தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு வரத்துக்கால் நெடுக மட்டம் பார்த்து, எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் அடைப்பு என்று சுண்ணாம்பில் குறி போட்டுக்கொண்டே நடந்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், சித்திரை வெயிலில். அவசரப்பட்ட இயந்திர ஓட்டுநரிடம், "தம்பி, கண்ணிவெடி எடுக்கிற வேலையில் தப்பு ஒரு தடவைதான் பண்ண முடியும். அங்கேயே நாங்கள் நிதானமாக இருந்தோம். இங்கே வெடிக்கப் போவது எதுவும் இல்லை, மெதுவாக வா" என்றார். அந்த ஓட்டுநரும் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

வேலை பாதியில் நிற்கும்போது வெளியூரில் வசதியாக இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் பெருந்தொகை தருவதாகச் சொன்னார். தன் தகப்பனார் பெயரைக் கல்வெட்டில் போட வேண்டும் என்று கேட்டார். நியாயமான ஆசைதான். ஆனால் குழுவில் அதை வைத்துச் சண்டை வரும் போலிருந்தது. கர்னல் அவரிடம், "தாராளமாகப் போடலாம். கல்லை ஊருணியின் அடியில் பதிக்கிறோம். தண்ணீர் வற்றினால் மட்டும் பெயர் தெரியும். அப்பச்சி பெயர் யார் கண்ணிலும் படவே கூடாது என்று நீங்கள்தான் முதலில் வேண்டிக்கொள்ள வேண்டும்" என்றார். தொலைபேசியின் மறுமுனையில் அவர் சிரித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பிவைத்தார். குப்பை கொட்டுகிறவர்களுக்கு வைத்த பலகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: "இங்கே குப்பை போடுகிறவர்கள் கூடவே தங்கள் முகவரியையும் போடவும். திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்." அபராதம் என்று எழுதியிருந்த பழைய பலகையை யாரும் மதித்ததில்லை. இதைப் படித்தவர்கள் சிரித்துவிட்டுப் பையைத் திரும்ப எடுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்த தான முகாமைப் பற்றி மற்றவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். 65 வயதுக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால் அவருக்கு வருத்தம் இருந்தது. "என் ரத்தம் ரிட்டயர் ஆகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு, கொடுக்க வந்தவர்களின் கட்டில் பக்கத்தில் நிற்பார். முறுக்கு மீசையோடு வந்த ஓர் இளைஞன் ஊசியைப் பார்த்ததும் வெளிறிப்போனான். "பயப்படாதே, மீசையில் குத்த மாட்டார்கள்" என்றார். அந்த இளைஞன் இப்போது மூன்று மாதம் ஆனால் தானாகவே வந்து நிற்கிறான்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கூப்பிட்டாலும் முதல் பந்தியில் உட்கார மாட்டார். வாளியை வாங்கிக்கொண்டு சாம்பார் ஊற்றப் போய்விடுவார். கடைசிப் பந்தியில், சமையல்காரர்களோடும் இலை எடுக்கிறவர்களோடும் உட்காருவார். ஏன் என்று கேட்டால், "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நான் படைக்கு முந்திவிட்டேனே, பந்திக்காவது பிந்த வேண்டாமா" என்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் இலை எடுக்கிறவர்களுக்கு, கர்னல் தங்கள் வரிசையில் உட்காருகிறார் என்பதில் இருந்த பெருமையை நான் நேரில் பார்த்தவன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் சிரிக்காத இடங்களும் இருந்தன. ராணுவத்தில் சேர ஆசைப்படும் பையன்களுக்குத் தினமும் அதிகாலையில் பயிற்சி கொடுத்தார். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். ஓட்டத்தில் பின்தங்கினால் கிண்டல் உண்டு. ஆனால் ஆள்சேர்ப்பு முகாமில் தேறாமல் ஒருவன் திரும்பி வந்தால் அன்று ஒரு வார்த்தை விளையாட்டுக்குப் பேச மாட்டார். அவனோடு வீடு வரை நடந்துபோய், அம்மாவிடமும் அப்பாவிடமும் அவரே சொல்வார். உங்கள் மகன் குறைந்தவன் இல்லை, பாதம் தட்டையாக இருந்ததால் எடுக்கவில்லை, அடுத்து என்ன படிக்கலாம் என்று நாளைக்குப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு வீரரின் உடல் தேசியக் கொடி போர்த்தி வந்தபோது, அந்த வீட்டு வாசலில் காலையிலிருந்து இரவு வரை அவர் நின்றதையும் பார்த்தோம். அன்று அவர் யாருக்கும் ஆறுதல்கூடச் சொல்லவில்லை. வண்டி வர வழி விடுவது, தண்ணீர் கொடுப்பது, பெண்களுக்கு நிழலில் இடம் பார்ப்பது என்று வேலையை மட்டும் செய்தார். எளியவரைப் பார்த்து அவர் சிரித்ததில்லை. சிரிப்பு எல்லாம் அரசாங்கக் காகிதத்தின் மேல், கருவியின் மேல், தன் காதின் மேல். இந்தக் கணக்கு அவருக்கு எப்போதும் தப்பியதில்லை.

கொஞ்சம் நடப்பு விஷயம் பேசிவிட்டு முடிக்கிறேன். நவம்பர் வந்தால் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நம் சுற்று வட்டாரத்தில் இதற்குக் கர்னலை மட்டுமே நம்பியிருந்த அம்மாக்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டவர் போய்விட்டார் என்பதற்காக அவர்கள் பென்ஷன் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. அவர் எழுதிவைத்த நோட்டு நம்மிடம் இருக்கிறது. யாருக்கு எந்த வங்கி, யாருக்குக் கைரேகை விழாது, யாருக்குக் காலை நேரத்தில் போனால் நல்லது என்பது வரை எழுதியிருக்கிறார். ஊருணி வரத்துக்காலையும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தெற்குப் பக்கம் மறுபடி மண் சேர்ந்திருக்கிறது. தம்பிகளின் காலைப் பயிற்சியை அண்ணன்மார்கள் இரண்டு பேர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதற்கு நன்றி. மற்ற இரண்டுக்கும் ஆள் வேண்டும். ஸ்மார்ட்போனில் சான்றிதழ் போடத் தெரிந்த பிள்ளைகள், குறிப்பாகக் கல்லூரியில் படிக்கிற பெண்பிள்ளைகள், ஓர் ஆளுக்கு ஐந்து வீடு எடுத்துக்கொண்டால் போதும். சாப்பாடு தயாராக இருக்கிறது. இலை போடுவதற்கு முன்னால் மேடைக்குப் பக்கத்து மேஜையில் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.